ஆர்ட்டரியில் காற்று ஓடிய காலம்

என் தோழி பரமேசுக்கு,

சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. பழக்க தோஷம். நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த இந்த எட்டு மாதமாக, டீச்சர் வேலையை விட்டுவிடட்டுமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நேற்றுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

இதே யோசனை முன்பும் ஒருமுறை வந்ததே, நினைவிருக்கிறதா? எழுபதுகளின் கடைசி. கிள்ளானில் ஒரே பள்ளியில் நாம் இருவரும் ஆங்கிலத்தில் உயிரியல் நடத்திக்கொண்டிருந்தோம். இனி மலாயில்தான் நடத்த வேண்டும் என்றார்கள். பாசாரில் மீன் வாங்குகிற மலாய் என்னிடம் தாராளமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு சிறுநீரகத்தை எப்படி விளக்குவது? நான்காம் படிவப் பிள்ளைகள் சிரிப்பார்களே என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் உன் அப்பாவின் ரயில்வே குவாட்டர்ஸுக்கு வரச்சொன்னாய். மேசையில் தடித்த அகராதி ஒன்று இருந்தது. நம் பாடத்தில் பாதிச் சொற்கள் ஆங்கிலமும் இல்லை மலாயும் இல்லை, கிரேக்கமும் லத்தீனும்தான், எந்த மொழிக்குப் போனாலும் ஓரிரு எழுத்து மாறி அப்படியே வந்துவிடும் என்று காட்டினாய். முழங்கால் சில்லின் பெயரான பட்டெல்லாவுக்குச் சின்னத் தட்டு என்று பொருள். கால் எலும்பான ஃபிபுலா, துணியில் குத்துகிற ஊக்கு. நஞ்சுக்கொடியின் பெயரான பிளசென்டா, தட்டையான பணியாரம். பெயரில் இருக்கும் பொருளை முதலில் கரும்பலகையில் வரை, பிறகு உறுப்பை வரை, மலாய் தானாக வரும் என்றாய்.

வரைந்தேன். பிளசென்டாவுக்கு அருமையான ஆப்பம் ஒன்று வரைந்தேன். மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, நம் பிள்ளை எல்லாருக்கும் தெரிந்த பண்டமாயிற்றே. தொப்புள்கொடியை வரைவதற்குள் மணி அடித்துவிட்டது, நானும் விட்டுவிட்டேன். அடுத்த சோதனையில் பதினோரு பேர், குழந்தை வயிற்றுக்குள் ஆப்பம் சாப்பிட்டு வளர்கிறது என்று எழுதிவைத்திருந்தார்கள்.

ஆசிரியர் அறையே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. அன்றைக்கே வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன் என்றேன். நீ என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாய். ரத்தக் குழாயான ஆர்ட்டரிக்குப் பெயர் வைத்த கதையைச் சொன்னாய். செத்த உடம்பை அறுத்துப் பார்த்த கிரேக்கர்கள், அந்தக் குழாய் காலியாக இருந்ததால் அதில் காற்றுதான் ஓடுகிறது என்று நினைத்து, மூச்சுக்குழாயின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்களாம்.

"பேரு தப்புதான் லா. அதுக்காக ரத்தம் ஓடாம நின்னுச்சா? நீ பாதி தப்பாப் பேசினாலும் பிள்ளைங்களுக்குப் போய்ச் சேரும். உள்ள போ, சரோ."

போனேன். அது ஆப்பம் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மலாயில் சொல்லிவிட்டுத் தொப்புள்கொடியை வரைந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் எத்தனை வருஷம் ஓடிவிட்டது பார்.

கண் பாடம் மட்டும் எப்போதும் உன்னுடையது. நம் இரண்டு வகுப்பையும் லேப்பில் சேர்த்து உட்காரவைத்து நீ நடத்துவாய், நான் பின்வரிசையில் நின்று அரட்டையை அடக்குவேன். இந்த வருஷம் அந்தப் பாடம் வருவதற்குள் விலகிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். பாடம் முந்திக்கொண்டது. நேற்று நடத்தினேன்.

கருமணிக்கு லத்தீன்காரர்கள் வைத்த பெயர், சின்னப் பொம்மை. எதிரே நிற்பவரின் உருவம் அதில் குட்டியாகத் தெரியுமே, அதனால். நாமும் கண்ணின் பாவை என்றுதானே சொல்கிறோம். பக்கத்தில் இருப்பவர் கண்ணைப் பாருங்கள் என்றேன். லேப் முழுக்க ஒரே சிரிப்பு. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முன்வரிசை லெட்சுமி எழுந்து வந்தாள்.

"டீச்சர், உங்களுக்குத்தான் ஜோடி இல்லையே. என் கண்ணுல பாருங்க."

குனிந்து பார்த்தேன், பரமேஸ். அந்தக் கண்ணுக்குள் குட்டியாக ஒரு டீச்சர் நின்றிருந்தாள், கையில் சாக்பீஸோடு. அழுகை வந்துவிட்டது. ஆனால் அந்தக் குட்டி டீச்சரை வீட்டுக்குப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் விலகப் போவதில்லை. ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் கண் பாடத்தை நானே நடத்துவேன். பின்வரிசையில் அரட்டை இருந்தால் இருக்கட்டும்.

உன் பிள்ளைகளின் சின்னம்மா,
சரோஜா