தம்பியின் பெயரில் ஓர் ஆணை

ஸஃபர் 4, இஸ்ஃபஹான்
ஓராண்டுக்குள் அரியணை ஏறிய மூன்றாவது ஷா இவர். காலையில் பழைய முத்திரையை உடைத்தார்கள். மதியத்துக்குள் புதியது வந்துவிட்டது. முந்தையவர் என்ன ஆனார் என்று யாரும் கேட்கவில்லை. தலைமை எழுத்தர் மிர்ஸா தாவூத் மட்டும் சத்தம் போட்டார்: "என்னய்யா முழிக்கிறீங்க? தலைதான் மாறிச்சு, வேலை மாறல. எழுதுங்க!"
பழைய அதிகாரிகளை அவரவர் பதவியிலேயே உறுதி செய்யும் ஆணைகள். "உலகம் பணியும் ஆணை" என்று தொடங்கும் அதே வாசகம்.

ஸஃபர் 9
இன்றும் அதே. விரல்கள் மரத்துவிட்டன.

ஸஃபர் 12
நத்தன்ஸ் ஊர் வரி அதிகாரியின் ஆணை. அந்த அதிகாரி என் தம்பி ஃபர்ரூக். தாவூத் தாளின்மேல் கை வைத்தார்.
"ஒந்தம்பி பழைய ஷாவோட ஓடிட்டானாமே?"
ஓடவில்லை. போன வாரம்கூட நத்தன்ஸிலிருந்து கடிதம் எழுதியிருந்தான். சொல்லியிருக்கலாம்.
"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.
ஏன்? கடிதம் வருகிறது என்றால் என்னையும் சேர்த்து— சீ.
பதவி தாவூதின் மருமகனுக்கு. ஃபர்ரூக்கைப் பிடித்துவர, வீட்டைப் பறிமுதல் செய்ய ஆணை. எழுதியவன் நான். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை.

ரபீஉல் அவ்வல் 2
கோட்டைச் சிறையில் அவனைப் பார்த்தேன். காலில் விலங்கு.
"ஆணையக் காட்டுனாங்க. பாத்ததுமே ஒன் கையெழுத்துன்னு தெரிஞ்சிருச்சு. மிரட்டி எழுத வெச்சாங்களாண்ணே?"
ஆமாம் என்று தலையாட்டினேன்.
"பாவம்ணே நீ" என்றான். என்னைப் பார்த்து! அவன்!

ரபீஉல் ஆகிர் 20
சிறைக் காய்ச்சல். ஃபர்ரூக் போய்விட்டான்.

ரஜப் 7
நான்காவது ஷா. தாவூத் தப்பி ஓடிவிட்டார். "பழைய ஆணையெல்லாம் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். எங்கயும் போயிறாதீங்க" என்று புதிய வஜீர் என்னைத் தலைமை எழுத்தராக உட்கார வைத்தார். எல்லோரும் எழுந்து வணங்கினார்கள். நன்றாகத்தான் இருந்தது.

ரஜப் 19
பறிமுதலான வீட்டைத் திருப்பிக் கேட்டு ஃபர்ரூக்கின் மனைவி கௌஹரின் விண்ணப்பம் வந்தது. நன்றாக எழுதத் தெரிந்தவள். கடைத்தெரு எழுத்தரை வைத்து எழுதியிருக்கிறாள். எனக்கு எல்லாப் பட்டங்களும் போட்டிருந்தாள். 'மாமா' என்று எங்கும் இல்லை. கடைசி வரி: "இறந்தவருக்கு உடன்பிறந்தார் எவருமில்லை."
உடன்பிறந்தவன் இருந்தால் வீட்டில் அவனுக்கும் பங்கு உண்டு; இல்லை என்று தலைமை எழுத்தர் சான்றளித்தால்தான் வீடு முழுவதும் அவளுக்குக் கிடைக்கும்.
சான்றளித்து முத்திரை இட்டேன்.