தங்கச்சிக்கு ஒரு கம்பளித் தொப்பி

என்னங்க,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.

"என் தங்கச்சி சாகக் கிடக்கா, உனக்குப் பின்னல் கேக்குதா?"ன்னு நேத்து கத்துனீங்க. அவளுக்குத்தாங்க பின்னுறேன். முடியெல்லாம் கொட்டி, தலை குளிருதாம். தொப்பியை ரெண்டு ஊசியில பின்னினேன். மேல வைக்கிற பூவை குரோஷா ஊசியில போட்டேன். ரெண்டுமே அவகூட உக்காந்து ஆசையாக் கத்துக்கிட்டது. இப்போ கை ஓடுற வரைக்கும்தான் அழுகை வராம இருக்கு.

கிளம்பும்போது சாவியை மாடி வீட்டு அக்காகிட்ட கொடுத்துடுங்க.

இன்னொண்ணு. இனிமே மருந்து வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். "அண்ணன் ஏன் வரல?"ன்னு தினமும் கேக்குறா. வேலைன்னு சமாளிச்சேன். இன்னைக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. உள்ள வரப் பயமா இருந்தா வாசல்லயே நில்லுங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.