படத்தில் இல்லாத காட்சி

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன், அதில் இரண்டாவது பாதி மட்டும்தான் உண்மை. போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால் அவள் கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன். அவளுக்கு முட்டிவலி பரவாயில்லை, எதிர்வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், மற்றபடி ஊர்ச் செய்தி ஒன்றும் இல்லை.

பல் டாக்டர் நடத்தும் திரைப்படக் குழு உனக்குத் தெரியும். ஞாயிறு காலையில் நூலக மாடியில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தியேட்டர்காரர்கள் சீண்டாத சின்னப் படங்களாகத் தேடிப் போடுவார். பார்த்தவர்களில் ஒருவர் அரைப்பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், அடுத்த வாரம் அதை வாசித்த பிறகுதான் புதுப் படம். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் என்று அந்த வேலையைப் பெரும்பாலும் என் தலையில் கட்டிவிடுவார்கள். போன மாதம் ஒரு படம் போட்டார், மொத்தமே ஒரு வீடும் நாலு பேரும்தான். ரிட்டையரான பஸ் டிரைவர் ஒருவருக்கு மறதி முற்றிக்கொண்டே போகிறது, பிள்ளைகள் இருவரும் யார் வைத்துக்கொள்வது என்று போனில் மல்லுக்கட்டுகிறார்கள். கெட்டவர்கள் யாரும் இல்லை, எல்லோருக்கும் களைப்பு. மகள் அப்பாவின் கால் நகத்தை வெட்டிவிடும் காட்சி நாலு நிமிஷம் ஓடுகிறது, ஒரு வார்த்தை பேச்சில்லை. பெரிய படக்காரன் எவனாவது எடுத்திருந்தால் வயலினைப் போட்டே நம்மைச் சாகடித்திருப்பான். நான் அழுதுவிட்டேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

அரைப்பக்கத்தில் இன்னொரு காட்சியையும் புகழ்ந்திருந்தேன். மனைவி குளித்துக்கொண்டிருக்கும்போது பெரியவர் குளியலறைக் கதவை வெளியே தாழ் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்புகிறார், உள்ளே அவள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். தாழைப் போடும் கை மட்டும்தான் தெரிகிறது, பெரியவர் முகத்தைக் காட்டவே இல்லை, அதுதான் இயக்குநரின் கெட்டிக்காரத்தனம் என்று எழுதியிருந்தேன். பல் டாக்டர் படித்துவிட்டு, "சார், இப்படி ஒரு சீனே படத்துல இல்லையே" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பாவம் மனுஷன், கிளினிக்கில் உட்காரவைத்து முழுப் படத்தையும் மறுபடி ஓட்டிக் காட்டினார், இல்லைதான். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "அது படத்துல இல்லீங்க, நம்ம வீட்டுல. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் ஈரத்தோட உள்ளயே நின்னேன்" என்றாள். பிள்ளையிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டாள். எனக்குத் தாழ் போட்டது நினைவில்லை, அதை ரசித்தது மட்டும் நினைவிருக்கிறது. அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இனி எழுதப்போவதைப் பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். அதே படத்தின் காட்சி என்று இன்னொன்றும் என் மண்டையில் இருக்கிறது. மொட்டைமாடி, இடுப்புக்குக்கூட வராத கைப்பிடிச் சுவர், மனைவி கொடியில் துணி உலர்த்துகிறாள். அவள் முதுகு தெரிகிறது, கிட்டத்தில், இன்னும் கிட்டத்தில், பிறகு இரண்டு கைகள். பல் டாக்டரைக் கேட்டேன், படத்தில் இல்லை. உன் அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், இங்கும் அப்படி எதுவும் நடக்கவில்லை. மறதிக்கு ஒரு டாக்டரிடம் போகலாம் என்றால் வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே என்று உன் அம்மா மழுப்புகிறாள், மாடிச் சாவியை ஒளித்து வை என்றால் சிரிக்கிறாள். நீ சொன்னால் கேட்பாள். லீவு கிடைப்பது பெரும்பாடு என்று தெரியும், தெரிந்தும் கேட்கிறேன், வா.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், எதையும் மறக்காமல், நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள். நீ வந்து சேரும்வரை தினமும் காலையில் இங்கே பத்து மணிக்கு வீட்டுக்குப் போன் செய். நான் எடுத்து, அம்மா மாடியில் இருக்கிறாள் என்று சொன்னால் போனை வைத்துவிடாதே. அவள் கீழே இறங்கி வரும்வரை என்னிடம் பேசிக்கொண்டே இரு.

இப்படிக்கு,
உன் அப்பா