மலரில் இல்லாத எடித்

அன்புள்ள அப்பா,

நாளை உங்களுடைய முப்பத்தோராம் நாள் நினைவுச் சடங்கு. வருபவர்களுக்குக் கொடுக்க நினைவு மலர் அச்சாகி வந்துவிட்டது. இருநூறு பிரதிகளும் என் வீட்டு பேஸ்மென்றில் இருக்கின்றன. வம்ச வரலாற்றுப் பக்கத்தைப் படித்தேன்.

'அமெரிக்கா சென்று கற்றபோதும் சைவநெறி வழுவாது வாழ்ந்து திரும்பியவர்' என்று உங்கள் அப்பாவை, என் அப்பப்பாவைப் பற்றிச் சித்தப்பா எழுதியிருக்கிறார்.

சென்ற கோடையில் ரொறன்ரோவிலிருந்து ஒஹாயோவுக்குக் கார் ஓட்டிப்போய், அவர் படித்த சின்ன ஊரைக் கண்டுபிடித்தேன். சோள வயல்களுக்கு நடுவே ஒரு தெரு, ஒரு தேவாலயம். அங்கிருந்த பதிவேட்டில் அவருடைய ஞானஸ்நானம் இருந்தது. கலியாணம் இருந்தது. ஒரு பெண் குழந்தையும் இருந்தது. குழந்தைக்கு மூன்று வயதானபோது, போய்வருகிறேன் என்று கப்பலேறினாராம். யாழ்ப்பாணத்தில் இறங்கித் திருநீறு பூசி, சீதனம் வாங்கி, அப்பம்மாவைக் கட்டினார்.

கல்லறையில் 'எடித் சின்னத்தம்பி' என்று அப்பப்பாவின் பெயரோடு வெட்டியிருக்கிறது. உங்கள் அக்கா, அப்பா; எனக்கு மாமி. பள்ளிக்கூட ஆசிரியையாகத் தனியாக வாழ்ந்து, நாங்கள் கனடா வந்த பிறகுதான் இறந்திருக்கிறார். எங்களிடமிருந்து ஒரு நாள் கார் ஓட்டத் தூரம்தான்.

திரும்பி வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "ஆருக்கும் சொன்னனியே?"

எப்போதிருந்து உங்களுக்குத் தெரியும்?

மலரில் எடித்தின் பெயரையும் போடச் சொன்னேன். சித்தப்பா போனில் சீறினார்.

"உனக்கென்ன விசரே? என்ர பேத்திக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம். உந்த வெள்ளைக்காரியளை மலரிலை ஏத்தினா, மாப்பிளை வீட்டார் என்ன நினைப்பினம்?"

"அவ அப்பாவின்ர அக்கா, சித்தப்பா. உங்களுக்கும்தான்."

"படிச்ச திமிர் உனக்கு!"

மார்க்கம் நகரத்திலுள்ள சித்தப்பாவின் வீடு மலரில் வர்ணப் படமாக இருக்கிறது. எடித்துக்கு ஒரு வரி இல்லை. மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடியதில் வராத வெட்கம், அவள் பெயரை அச்சடிப்பதில் வருகிறது. இந்தக் குடும்பத்தை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது, அப்பா. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்களுக்காக அழுதுகொண்டும் சொல்கிறேன்.

காலையிலிருந்து ஒவ்வொரு மலரிலும், வம்ச மரத்தில் உங்களுக்கு முன்னால், மூத்த பிள்ளைக்குரிய இடத்தில் அவர் பெயரைப் பேனையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் பிரதி எடுத்து உள்ளே வைப்பேன். மாப்பிள்ளை வீட்டாரும் வாசிக்கட்டும். அவர் பெயர் இல்லாத ஒரு மலரும் நாளை ஒருவர் கைக்கும் போகாது.

உங்கள் மூத்த மகள்,
எடித் மாமியின் மருமகள்