நோட்டின் பின்பக்கம்

அன்பு மகள் சுண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறோம், நேரம் தவறாமல் சண்டை போடுகிறோம், ஆகவே நலமாகத்தான் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு. போன வாரம் போனில் பேசியபோது உன் குரல் கம்மியிருந்தது, ஜலதோஷம்தான் என்றாய், மூன்று வாரமாகவா ஒரு ஜலதோஷம் இருக்கும், டாக்டரிடம் காட்டு. நாள் முழுக்கப் பெரிய மேஜையில் குனிந்து ஊர்க் குழாய்களையெல்லாம் படமாக வரைகிறவள் நடுநடுவே எழுந்து நடக்கவும் வேண்டும், கழுத்து போனால் போனதுதான், என் கழுத்தைப் பார். அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கியாயிற்று. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறார், காதில் வைத்தால் பாட்டரி தீர்ந்துவிடுமாம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்த மனிதரை உட்காரச் சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, பிளம்பர் இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிப் பதினோரு நாள் ஆகிறது, நீ இருந்திருந்தால் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று சுவரைப் பார்த்தே சொல்லியிருப்பாய். முப்பத்தெட்டு வயதுப் பெண்ணை இன்னும் சுண்டு என்று எழுதுகிறேனே, மாப்பிள்ளை பார்த்தால் சிரிப்பார், சிரிக்கட்டும், ஆனால் இந்தக் கடிதத்தை முதலில் நீ மட்டும் படி.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தால் நீ 'சரிம்மா, விடும்மா' என்பாய், நானும் விட்டுவிடுவேன், இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தானே விட்டுக்கொண்டு வருகிறோம். அதனால் எழுதுகிறேன். படிக்கட்டு நகரத்துக் கதையின் மூன்று பாகங்களையும் ஒரே புத்தகமாகப் போடப்போவதாகப் பதிப்பாளர் வந்து சொன்னார். என் சரித்திர நாவல்கள் ஏழையும் படித்தவர்களைவிட இந்த மாயக்கதையைப் படித்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் அதிகம், எனக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. 'இந்த உலகம் உங்க மனசுல எப்படிப் பிறந்துச்சுன்னு ஒரு முன்னுரை எழுதிக் கொடுங்கம்மா, பிள்ளைங்க அதைத்தான் கேக்கறாங்க' என்றார். எனக்கா வராது, ஒரே மூச்சில் நாலு பக்கம் எழுதிவிட்டேன். கூட்டங்களில் இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிற அதே கதைதான், மழை நாள், நெரிசலான பஸ், ஜன்னலை ஒட்டி நின்றுகொண்டு வந்தபோது படிக்கட்டுகளாலேயே ஆன ஒரு நகரம் கண்முன்னே எழுந்து நின்றது என்று. நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பது அப்பாதான், உனக்குத் தெரியும். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'முப்பது வருஷம் பஸ்லயே கிடந்தேன், எனக்கு ஒரே ஒரு படிக்கட்டுதான் தெரிஞ்சுது, அதுலயும் எவனாவது தொங்கிட்டு வருவான். உனக்கு மட்டும் ஊரே தெரிஞ்சுதாக்கும்' என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. 'சுண்டு நோட்டைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே' என்றார்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது கையும் களவுமாகப் பிடிபட்டவர்களுக்கு வருகிற கோபம். மூன்று நாள் அவரோடு பேசவில்லை, மெஷின் சட்டைப் பையில் இருந்ததால் நான் பேசாதது அவருக்குத் தெரிந்ததா என்பதே சந்தேகம். அந்த மூன்று நாளும் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். உனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் விட்டு வருவாய். அப்பா டியூட்டியில் இருப்பார். நான் ஆவணக் காப்பகத்தில் இருப்பேன், வீட்டில் இருந்தாலும் சுவரைப் பார்த்துப் போட்ட மேஜையில், உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பேன். கோட்டை முற்றுகை நாவலை எழுதிக்கொண்டிருந்த வருஷம் அது. அந்தக் காலத்தில் குதிரை லாடத்துக்கு எத்தனை ஆணி அடித்தார்கள் என்று தெரிந்துகொள்ள இரண்டு மாதம் அலைந்தேன், உன் வகுப்பு டீச்சர் பெயர் என்ன என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். நீ வந்து 'அம்மா' என்று நின்றால் 'இருடா கண்ணு, கோட்டைக்குள்ள தண்ணி தீர்ந்துபோச்சு' என்பேன். வீட்டில் அது பெரிய வேடிக்கை, யாராவது என்னைத் தேடி வந்தால் 'அம்மா முற்றுகையில இருக்காங்க' என்று நீயே சொல்லி அனுப்புவாய். நானும் பெருமையாகச் சிரித்துக்கொள்வேன்.

அந்த நாட்களில்தான் நீ நோட்டில் உன் நகரத்தைக் கட்டினாய். ஒரு வீட்டுக்கு ஒரு படி, எந்தப் படிக்கு எத்தனை மணிக்கு வெயில் வரும், தண்ணீர் எந்த வழியாக இறங்கும், எல்லாவற்றுக்கும் அளவு போட்டு வரைந்திருந்தாய். உச்சிப் படியில் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ஓயாமல் பெயர்களை எழுதுகிற ஒரு ராணி. கையில் விளக்கோடு ஒவ்வொரு படியாக ஏறிப் போகிற ஒரு சிறுமி. அந்த நோட்டு உன் பதினைந்தாவது வயதில் பழைய பேப்பர் கட்டுக்குள் என் கையில் சிக்கியது. பிள்ளைகளுக்கு மாயக்கதை எழுதிக் கொடுங்கள் என்று பதிப்பாளர் என்னை நச்சரித்துக்கொண்டிருந்த நேரம், எனக்கோ சரித்திரத்தைத் தாண்டி ஒரு வரி ஓடவில்லை. மறுநாள் காலை நீ ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தபோது 'இதை அம்மா எடுத்துக்கட்டுமா' என்று கேட்டேன். நீ நிமிராமலே 'ம்' என்றாய். அந்த ஒற்றை 'ம்'மைக் காட்டித்தான் இத்தனை வருஷமும் என் மனசாட்சியின் வாயை அடைத்து வைத்திருந்தேன். என் சரித்திர நாவல் ஒவ்வொன்றின் முடிவிலும் மூன்று பக்கத்துக்கு ஆதாரப் பட்டியல் இருக்கும், காப்பகத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்ட ஊழியருக்குக்கூட நன்றி சொல்லியிருப்பேன். படிக்கட்டு நகரத்தின் கடைசிப் பக்கத்தில் என்ன போட்டேன் தெரியுமா, தெரியாமல் இருக்குமா உனக்கு, 'இந்தக் கதைக்கு ஆதாரம் எதுவும் இல்லை, முழுக்க என் கற்பனை' என்று போட்டேன். முதல் பிரதியை உன் கையில்தான் கொடுத்தேன். நீ நின்றபடியே நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாய், என் பெண் இல்லையா, ஆதாரத்தைத்தான் முதலில் தேடுவாய். படித்துவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் ஒழுங்காக நிறுத்தி வைத்துவிட்டு 'அட்டை நல்லா இருக்கும்மா' என்றாய். அதற்குப் பிறகு நீ வீட்டில் உட்கார்ந்து படம் வரைந்து நான் பார்க்கவில்லை. படிப்புச் சுமை அதிகமாகிவிட்டது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் காலை அப்பா தன் பழைய கண்டக்டர் தோல் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் உன் நோட்டு. முதல் பாகம் அச்சானதும் அது பழைய பேப்பரோடு போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன், போகவிடாமல் எடுத்து வைத்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின் அட்டை மேலே இருக்கும்படி நீட்டினார், நானும் அப்படியே திறந்தேன். அந்தப் பக்கத்திலும் எழுத்து இருந்தது. நீ நோட்டைத் திருப்பிப்போட்டுப் பின்னாலிருந்தும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாய். நடுவே பத்துப் பன்னிரண்டு வெறும் தாள், அன்றைக்கு அதைப் பார்த்ததும் கதை அவ்வளவுதான் என்று மூடிவிட்டிருக்கிறேன். காப்பகத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதல் பாடமே பழைய தாள் எதைத் தொட்டாலும் பின்பக்கத்தைப் பாருங்கள் என்பதுதான். செத்து முந்நூறு வருஷம் ஆன தளபதிகளின் ஓட்டைக் காகிதங்களையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தவள், சொந்தப் பெண்ணின் நோட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.

முன்பக்கத்தில் அந்த ராணி யாருடைய பெயர்களை எழுதுகிறாள் என்று நீ சொல்லியிருக்கவில்லை. அந்த இடத்தை நானாக நிரப்பிக்கொண்டேன். அவள் யார் பெயரை எழுதுகிறாளோ அவர்கள் செத்துப்போவார்கள் என்று வைத்தேன், கொடுமைக்கார ராணி, மூன்றாம் பாகத்தின் முடிவில் அந்தச் சிறுமியே அவளை உச்சிப் படியிலிருந்து பிடித்துத் தள்ளுகிறாள். அந்த இடத்தை வாசித்தால் பள்ளிக்கூடங்களில் கைதட்டல் நிற்க நேரமாகும். பின்பக்கத்தில் நீ எழுதியிருப்பது வேறு. உன் ராணி கெட்டவள் இல்லை. ஏற்கெனவே செத்துப்போனவர்களின் பெயர்களைத்தான் எழுதுகிறாள், அவள் நிறுத்திவிட்டால் உலகம் அவர்களை மறந்துவிடும், அதனால் திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. சிறுமி மேலே போய்ச் சேர்கிறாள். கூப்பிடுகிறாள். விளக்கை ஆட்டிக் காட்டுகிறாள். ராணி திரும்பவில்லை. சிறுமி அவள் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொள்கிறாள். அதுவரை சிறுமி, சிறுமி என்று எழுதிக்கொண்டு வந்தவள் கடைசி மூன்று வரியில் மட்டும் இப்படி எழுதியிருக்கிறாய். 'ராணி செத்துப்போனவர்களின் பெயரை மட்டும்தான் பார்ப்பாள். அதனால் அவளுக்குத் தெரியாமல் பட்டியலில் என் பெயரையும் எழுதிவிட்டேன். ராணி இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை.'

அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது. அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். 'தெரியும். நீ படிச்சுட்டுத்தான் கதைக்காக மாத்திட்டேன்னு நினைச்சேன். எழுத்து வேலை, அதுல நமக்கென்ன தெரியும்னு விட்டுட்டேன்' என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. நீயும் அப்படித்தானே நினைத்திருப்பாய். தான் கூப்பிட்டதையெல்லாம் அம்மா படித்தாள், படித்துவிட்டு அந்தப் பெண்ணின் கையாலேயே ராணியைத் தள்ளவைத்தாள், ஊரைக் கூட்டிக் கைதட்டவும் வைத்தாள் என்று. வெளியூர் வேலைக்குப் போன புதிதில் உனக்கு மூன்றாம் பாகத்தைத் தபாலில் அனுப்பினேன், 'வந்துசேர்ந்தது' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினாய், அதை நான் வேலை மும்முரம் என்று எடுத்துக்கொண்டேன். சுண்டு, நான் படிக்கவில்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்துவிட்டு மாற்றுவது பெரிய தப்பா, முழுதாகப் படிக்காமலே எடுத்துக்கொள்வது பெரிய தப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை, ஆனால் நான் செய்தது இரண்டாவது, செய்த தப்பையாவது சரியாக ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சரித்திர நாவல்களை எழுதியதற்காக வருத்தப்படுகிறேன் என்று சொன்னால் அது பொய், உன்னிடம் இனிப் பொய் வேண்டாம். நாற்காலியை ஒரு தடவை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான் என் வருத்தம், அதற்கு எந்த ஆராய்ச்சியும் தேவைப்பட்டிருக்காது.

முன்னுரையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பதிப்பாளரிடம் நேரில் போய் விஷயத்தைச் சொன்னேன், மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். 'அட்டை வரைக்கும் ரெடியா இருக்கேம்மா, இப்போ வந்து இப்படிச் சொல்றீங்களே' என்று புலம்பினார். என் பெண் சொல்லாமல் ஒரு தாளும் அச்சுக்குப் போகக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். உன் பெயர் வரலாம் என்றால் என் பெயருக்கு மேலே வரும். என் பெயரை இதில் இழுக்காதே என்றால் வராது, ஆனால் அந்தக் கடைசிப் பக்கத்து வரி போய்விடும், ஆதாரம் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் நோட்டு என்று அந்த இடத்தில் வரும். இந்தக் கதையே இனி யாரும் படிக்க வேண்டாம் என்றாலும் சரி, அத்தோடு நிறுத்திவிடலாம், எனக்கு அதில் வலிக்கும்தான், வலிக்கட்டும். அவசரமில்லை, நிதானமாக யோசி. பரவாயில்லைம்மா என்று ஒப்புக்கு மட்டும் எழுதாதே. கோபம் இருந்தால் கோபமாகவே எழுது. நோட்டைத் தபாலில் அனுப்ப எனக்குத் துணிச்சல் வரவில்லை, தொலைந்தால் என்ன செய்வேன், அது அப்பாவின் பையிலேயே இருக்கிறது, நீ வரும்போது உன் கையில் கொடுப்பார். பின்பக்கத்தில் உள்ளதை மட்டும் என் கையால் பார்த்து எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். டாக்டரிடம் போனாயா இல்லையா என்று அடுத்த போனில் கேட்பேன், மழுப்பக் கூடாது. மாப்பிள்ளைக்கு எங்கள் இருவரின் அன்பையும் சொல். நோய்நொடி அண்டாமல், மனம் நோகாமல், நீங்கள் இருவரும் நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும். அப்பாவிடம் ஏதாவது எழுதச் சொல்லட்டுமா என்றேன், அவளுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுக் குழாய்க்கு அடியில் வாளியை மாற்றி வைக்கப் போய்விட்டார்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சிறுமியை ராணியின் முதுகுக்குப் பின்னாலேயே உட்காரவைத்துவிட்டு நீ நோட்டை மூடிவிட்டாய். அவள் அங்கே எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாள், இனிப் பிரயோஜனமில்லை என்று எப்போது எழுந்து கீழே இறங்கிப் போனாள், அன்றைக்கு அவளுக்கு யாராவது துணை இருந்தார்களா? புத்தகத்துக்காகக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா