பாஸ்போர்ட்டில் கறுப்பு முடி

திருவண்ணாமலை
18.12.2025

அன்பு மகள் மதிவதனிக்கும் மாப்பிள்ளை புகழேந்திக்கும் அப்பா எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் வயிற்றில் இருக்கும் குட்டியும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். எப்போதும் "நாங்கள்" என்று ஆரம்பிக்கிறவன் இந்த முறை "நான்" என்று ஆரம்பித்திருக்கிறேன், நீ கவனித்திருப்பாய். பயப்படாதே, அம்மா இப்போது எழுந்து நடமாடுகிறாள், காலையில் பொங்கல் கூடச் செய்தாள். ஆனால் எனக்குத்தான் நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. ஏழு மாத வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இப்படி எழுதலாமா என்று இரண்டு தடவை காகிதத்தைக் கசக்கிப் போட்டேன். எழுதாமல் விட்டால் அதைவிடப் பெரிய தப்பாகிவிடும் என்று இப்போது எழுதுகிறேன். பெரிய போனை அம்மா கையை விட்டு இறக்குவதில்லை, பேசினாலும் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும், என்னுடைய பட்டன் போனில் உன் நம்பர் போகாது, அக்கம்பக்கத்துப் போனில் பேசினால் அவள் காதுக்குப் போய்விடும். பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு தபால் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். தீபம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றேனே, அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். புதன்கிழமை கேமரா ரிப்பேர் என்று அவளே உன்னிடம் சொன்னதும் பொய்தான், முகத்தில் வீக்கம் முழுசாக வடியவில்லை, நீ பார்த்துவிடுவாய் என்று பயம். என்ன ஆச்சு என்று பதறாதே, வரிசையாகச் சொல்கிறேன்.

எல்லாம் இந்த நரைமுடியால் வந்த வினை. உன் பிரசவத்துக்கு வருவதற்காக ஆடி மாதம் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போகிறபோது அம்மா கடையில் ஒரு டை பாக்கெட் வாங்கித் தலையில் பூசிக்கொண்டு வந்தாள். மறுநாள் தலை அரித்தது, கண் இமை கொஞ்சம் உப்பியது, ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று இரண்டு பேருமே விட்டுவிட்டோம். அந்தப் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். ஆவணியில் பாஸ்போர்ட் வந்தது. அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முப்பது வருஷம் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் சீட்டுக் கிழித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? யாரு கஸ்தூரி இந்தப் பொண்ணு, ஏர்போர்ட்ல உன்னையும் போட்டோவையும் பார்த்துட்டு இது வேற ஆளு, போட்டோல இருக்கற உங்க பொண்ணைப் போய் இட்டுனு வாங்கன்னு திருப்பி அனுப்பிடப் போறான்னு சொன்னேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஐப்பசியில் விசாவுக்குச் சென்னை போனோமே, அங்கே கவுன்ட்டரில் இருந்த பெண் அம்மாவையும் போட்டோவையும் இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தாளாம். அதற்குள் வகிட்டில் இரண்டு விரற்கடை வெள்ளை இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பமானது. எனக்குக் காரணம் சொல்லவில்லை. முதல் முறை அரித்ததால் கடை டை வேண்டாம், செலவில்லாமல் வீட்டிலேயே பண்ணிக்கிறேன்னு சொன்னாள், நானும் நல்லதுதானே என்று விட்டேன். நெல்லிக்காயைக் கொட்டை எடுத்து இரும்பு வாணலியில் கரிகிற மாதிரி வறுத்தாள், கரிசலாங்கண்ணியைச் சாறு பிழிந்தாள், கறிவேப்பிலையை நிழலில் உலர்த்தி எல்லாவற்றையும் தேங்காய் எண்ணெயில் போட்டு, சடசடப்பு அடங்குகிற வரைக்கும் சின்னத் தீயில் காய்ச்சினாள். வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துத் தேய்த்தாள், டீத்தூளைக் கொதிக்கவைத்து ஆறின டிகாஷனில் தலையை அலசினாள். உண்மையைச் சொல்லணும், வைக்கோல் மாதிரி இருந்த முடி பளபள என்று ஆகிவிட்டது, தலையும் அரிக்கவில்லை. ஆனால் வெள்ளை வெள்ளையாகவேதான் இருந்தது. மருதாணி அரைத்து ராத்திரி முழுக்க இரும்புச் சட்டியில் ஊறவைத்துப் பூசினாள், வெள்ளையெல்லாம் ஆரஞ்சு கலரில் வந்தது. பாவி நான் அதற்கும் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் முகத்தைக் கவனிக்கவில்லை.

தீபத்துக்கு மறுநாள் பௌர்ணமி, மாடியில் குடியிருக்கிற வினோதினியோடு கிரிவலம் போனாள். அந்தப் பெண் நர்ஸ் படிப்பு கடைசி வருஷம், உனக்கும் தெரியும். அடி அண்ணாமலை தாண்டி ரோட்டோரம் படுதா விரித்து ஒருத்தன் அவுரிப் பொடி விற்றிருக்கிறான். இலையை நிழல்ல காய வெச்சு அரைச்சதும்மா, வேற ஒண்ணும் கலக்கல, ஒரே மணி நேரத்துல கன்னங்கரேல்னு ஆயிடும்னு சொல்லியிருக்கிறான். வினோதினி வேணாம் ஆன்ட்டின்னு சொல்லியும் கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில் பூசினாள், அவன் சொன்ன மாதிரியே கறுத்தது. எப்படி இருக்குதுங்கன்னு என்னிடம் வந்து நின்றாள், கல்யாணத்தில் பார்த்த மாதிரி இருக்கிறாய் என்றேன், நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். மத்தியானமே நெற்றி அரிக்கிறது என்றாள். ஞாயிறு காலை ஏழு மணி இருக்கும், சமையலறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், குரல் அவளுடையதாகவே இல்லை, கரகர என்று இருந்தது. போய்ப் பார்த்தால் மதி, என்னத்தச் சொல்ல, கண் இரண்டும் மூடிப்போய் காது தடித்து உதடு தொங்கி, எதிரே நிற்கிறவன் நான் என்பதே தெரியாமல் கையை நீட்டித் துழாவுகிறாள். கரண்டு போயிடுச்சாங்கன்னு கேட்டாள். ஜன்னல் முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். வினோதினிதான் ஓடி வந்து ஆட்டோ பிடித்து, வழியெல்லாம் அவளைப் பேச வைத்துக்கொண்டே வந்தாள். குரல் நின்றுவிடக் கூடாது என்பதற்காகப் பேச வைத்தாள் என்று அப்புறம்தான் எனக்குச் சொன்னாள்.

இரண்டு நாள் ஊசி, மருந்து. டாக்டர் அம்மா நல்ல மாதிரி, பொறுமையாக விளக்கினார். சுத்தமான அவுரி அப்படி உடனே கன்னங்கரேல் என்று பிடிக்காது, கடை டையில் இருக்கிற மருந்தைத்தான் இதிலும் கலந்திருப்பான், இவங்க உடம்புக்கு அது ஒத்துக்கவே ஒத்துக்காது, முதல் தடவைக்கு இரண்டாம் தடவை ஜாஸ்தி, மூணாவது தடவை போட்டா தொண்டை அடைச்சு மூச்சு நின்னு போகலாம், இனிமே கறுப்புன்னு எதையும் தலையில வைக்கக் கூடாதுன்னு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அம்மாவும் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சரி, இதோடு விட்டது சனியன் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

நேற்று அரிசி எடுக்க டிரம்மில் கையை விட்டேன், அடியில் பிளாஸ்டிக் கவர் தட்டுப்பட்டது. மீதி அவுரிப் பொடி. என்னடி இது என்று கத்தினேன், இத்தனை வருஷத்தில் அவளை அப்படிக் கத்தினதில்லை. அவள் அழவில்லை, நிதானமாகச் சொன்னாள் பார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கிளம்பறதுக்குப் பத்து நாள் முன்னாடி போட்டுக்கறேங்க, வீங்கினா ஊசி போட்டுக்கலாம், ரெண்டு நாள்ல வடிஞ்சிடும், ஏர்போர்ட் போறப்ப மூஞ்சும் சரியாயிடும் முடியும் கறுப்பா இருக்கும், புள்ள பெத்துக்கப் போறவ அங்க தனியா கிடக்கறா, என்னை ஏர்போர்ட்லயே நிறுத்திட்டா அவளுக்கு யாரு இருக்காங்கன்னு கேட்டாள். அப்போதுதான் புரிந்தது. நான் ஆவணியில் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையை நாலு மாதமாக மனசுக்குள் வைத்துக்கொண்டு இவ்வளவும் செய்திருக்கிறாள்.

அது கேலிக்குச் சொன்னது கஸ்தூரி, முடியை எவனும் பார்க்க மாட்டான், சென்னையில் விரல் ரேகை எடுத்தார்களே அதற்குத்தான் எடுத்தார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறேன், நம்பவில்லை. நீங்க என்னிக்குங்க நெஜம் பேசியிருக்கீங்க, இப்ப நான் பூசக் கூடாதுன்னு இதைச் சொல்றீங்கன்னு சொல்கிறாள். டிக்கெட் போடுகிற கடைக்காரரை விட்டு போனில் பேசச் சொன்னேன், நான் சொல்லிக்கொடுத்துப் பேச வைத்தேன் என்கிறாள். நியாயம்தான், அந்த மாதிரி வேலையெல்லாம் நான் செய்திருக்கிறேன். வாழ்நாள் பூரா எல்லாரையும் சிரிக்க வைத்தவன், இப்போது அழுதுகொண்டு உண்மையைச் சொன்னால் கேட்க ஆளில்லை. பொடியை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டினேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சண்டை போட்டிருந்தால் நான் தைரியமாக இருப்பேன். ஜனவரி மூணாம் தேதி அடுத்த பௌர்ணமி, அந்தப் பொடிக்காரன் மறுபடி வந்து உட்காருவான், பன்னிரண்டாம் தேதி விமானம். கணக்கு அவளுக்குச் சரியாக இருக்கிறது.

அதனால்தான் கண்ணு உனக்கு எழுதுகிறேன். நீ சொன்னால் நம்புவாள், உலகத்திலேயே உன் ஒருத்தி பேச்சைத்தான் நம்புவாள். கடிதம் பத்துப் பன்னிரண்டு நாளில் வந்துவிடும் என்று இங்கே சொல்கிறார்கள், வந்த அன்றைக்கே வீடியோவில் கூப்பிடு. நான் எழுதினேன் என்று மூச்சு விடாதே. நீயாகவே பேச்சோடு பேச்சாக, இங்கே வருகிற அம்மாக்கள் நிறையப் பேர் வெள்ளை முடியோடுதான் வருகிறார்கள், முகத்தையும் ரேகையையும்தான் பார்க்கிறார்கள் என்று சொல்லு. மாப்பிள்ளையையும் சொல்லச் சொல்லு, அவர் பேச்சு என்றால் தனி மரியாதை. போட்டோ பார்த்த அன்றைக்கு சூப்பர்மா, பத்து வயசு கம்மியாயிடுச்சுன்னு நீ சொன்னதையும் அவள் அடிக்கடி சொல்லிக்கொண்டிருக்கிறாள், உன்மேல் குற்றமில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவோம். இப்போது அந்த வெள்ளை முடியும் உனக்குப் பிடித்திருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லிவிடு. உனக்கும் முடி சோர்ந்து போய் இரண்டு மூன்று நரை தெரிகிறது என்று சொன்னாயே, அந்த எண்ணெயில் உனக்கென்று ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறாள், தாராளமாகத் தேய்த்துக்கொள். டை மட்டும் வேண்டாம். அவள் வயிற்றில் பிறந்தவள் நீ, உன் உடம்பு எப்படியோ யாருக்குத் தெரியும். எண்ணெயைக் கூட முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தேய்.

வேளைக்குச் சாப்பிடு, படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள், மாப்பிள்ளை இல்லாமல் தனியாக எங்கும் போகாதே. தாயும் பிள்ளையுமாக நீங்கள் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிய வேண்டும், அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் உங்கள் மூன்று பேருக்கும் துணை இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறந்துவிடாதே. நீ பேசியும் அவள் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு மனசுக்குள் வேறு நினைக்கிறாள் என்று உனக்குத் தோன்றினால், என்னைக் கேட்டுக்கொண்டிருக்காதே, இரண்டாம் தேதிக்குள் டிக்கெட்டை ரத்து செய்துவிடு. பிரசவத்துக்கு யாராவது உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். நான்தான் செய்யச் சொன்னேன் என்று அவளிடமே சொல்லிவிடு. பெற்ற மகள் பிரசவத்துக்குப் போகவிடாமல் செய்த பாவி என்று ஆயுசுக்கும் என்னைத் திட்டுவாள். திட்டட்டும்மா. திட்டுவதற்கு அவள் இருக்க வேண்டும், எனக்கு அது போதும்.

இப்படிக்கு
உன் அப்பா
சகாதேவன்