உப்பில்லா மீனும் உன் கருவாடும்

என் செல்விக்கு,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. நம் மரைன் ஹில் வீட்டில் எல்லோரும் சுகம். நீ முதலில் எதைக் கேட்பாய் என்று தெரியும். ஆமாம், மாத்திரை போட்டுவிட்டேன். கிட்னி ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "போன தடவை மாதிரியேதான் இருக்கு, நல்ல விஷயம்" என்றார். எல்லாம் உன் கைப்பக்குவம்தான், வேறென்ன?

ஞாபகம் இருக்கிறதா? அவர் மீனைக் குறைக்கச் சொன்னார். நான் மீனைக் குறைத்துக் கருவாட்டைக் கூட்டினேன். காய்ந்து சுருங்கிய துண்டில் என்ன இருந்துவிடப்போகிறது என்று நினைத்த மகா புத்திசாலி நான். கால் இரண்டும் வீங்கிச் செருப்பே நுழையாமல் போனபோது டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அதுல பூரா உப்புதான் சார்! அதுக்குப் பச்சை மீனே ஒரு சின்னத் துண்டு சாப்பிடலாமே."

அன்றைக்கே கருவாட்டுப் பானையைத் தூக்கிப் பக்கத்து வீட்டு வங்காளி அக்கா, நம் தீதியிடம் கொடுத்துவிட்டாய். ஜங்லிகாட் மீன் சந்தையில் புதுசாக வந்த சங்கரா வாங்கி, எலுமிச்சையும் மிளகும் தடவி, உப்பே இல்லாமல் சுட்டு வைப்பாய். அதுவும் பாதி உள்ளங்கை அளவுதான்.

"இது மீனாடி, மருந்தாடி?" என்று கத்துவேன்.

"வாய மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க" என்பாய்.

நீயும் அதையேதான் சாப்பிட்டாய். உனக்கு அது பிடித்துப்போய்விட்டது என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் உன் வருஷத் திதி. படையலுக்கு உனக்குப் பிடித்தது என்ன என்று நம் மகள் மீனா கேட்டாள். "சுட்ட சங்கரா, உப்பில்லாமல்" என்றேன். உதவிக்கு வந்திருந்த தீதி சிரித்துவிட்டாள்.

"தாதா, குஸ்ஸா மத் கரோ. கோபப்படாதீங்க அண்ணா. பாபி, நம்ம அண்ணி, ஹர் சண்டே எங்க வீட்ல வந்து கருவாடு சாப்டும். உங்களுக்கு வாசம் வரக்கூடாதுன்னு ஜன்னல் எல்லாம் பந்த் பண்ணும்."

அடிப்பாவி! ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு என்று கிளம்பியதெல்லாம் இதற்குத்தானா? சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. எனக்கு ஆசை வந்துவிடக் கூடாதென்று புழுக்கத்தில் அடைந்து உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய். உனக்கு நான் எப்படி நன்றி சொல்வேன் செல்வி? இருந்தபோது ஒரு நாளாவது சொன்னேனா?

மீனா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வீடே மணத்தது. எனக்கு நாக்கு ஊறியது, உன்னிடம் ஏன் பொய் சொல்ல வேண்டும்? உன் தம்பி வேறு, "படையல் சோறு மாமா, ஒரு வாய் சாப்பிடணும்" என்று தட்டை நீட்டினான்.

நான் எழுந்து போய் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டேன். உன் இலைக்கு எதிரே உட்கார்ந்து என் உப்பில்லா மீனைச் சாப்பிட்டேன்.

வருஷா வருஷம் உன் இலையில் கருவாடு இருக்கும். நான் விரலால்கூடத் தொட மாட்டேன், சத்தியம். இனி நீ ஒளிய வேண்டாம். என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடு.

உன்னிடம் உப்புக் கேட்டே உயிரை வாங்கிய
உன் வீட்டுக்காரன்